22 நாள்: ஒரு பந்தயக் கேமுக்குக் காத்திருந்தவர்களின் கோபம்

2010 அக்டோபர் நடுவில் சோனி நிறுவனம் சிறிய அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. நவம்பர் 2ஆம் தேதி அமெரிக்கக் கடைகளுக்கு வரவேண்டிய 'கிரான் டூரிஸ்மோ 5' அன்றைக்கு வராது, ஆண்டுக் கடைசிப் பண்டிகைக் காலத்துக்குள் வந்துவிடும் என்று அதில் இருந்தது. புதுத் தேதி எதுவும் இல்லை. சொன்ன நாளுக்கு மூன்று வாரம்தான் பாக்கி. முன்பணம் கட்டியிருந்த ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். நிறுவனத்தைத் திட்டினார்கள், கேமை உருவாக்கிய கஸுனோரி யமவுச்சியைத் திட்டினார்கள், முன்பதிவை ரத்து செய்யப்போவதாகச் சொன்னார்கள். சொன்னவர்களில் பெரும்பாலோர் ரத்து செய்திருக்க மாட்டார்கள் என்று பிற்பாடு வந்த விற்பனைக் கணக்கைப் பார்த்தால் தோன்றுகிறது. கடைசியில் நவம்பர் 24 அன்று கேம் கடைக்கு வந்தது. தள்ளிப்போனது 22 நாள்.

அவர்கள் அதற்கு முன்பே ஐந்து வருஷம் காத்திருந்தவர்கள் என்பதுதான் இதில் விசித்திரம். தன் அடுத்த கன்சோலான பிளேஸ்டேஷன் 3 இப்படித்தான் இருக்கும் என்று 2005 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் இ3 கேம் கண்காட்சியில் சோனி உலகுக்குக் காட்டியபோதே, இந்தத் தொடரின் அடுத்த கேமுக்கான காட்சித் துண்டும் திரையில் ஓடியது. அங்கிருந்து எண்ணினால் 66 மாதம். 65 மாதம் பொறுத்தவர்களுக்குக் கடைசி 22 நாள் ஏன் பொறுக்கவில்லை? ரசிகர்கள் குழந்தைகள், அடம்பிடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அப்போது நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

பந்தயக் கேம் ரசிகர் எப்படிப்பட்டவர் என்பதை முதலில் பார்க்க வேண்டும். முதல் 'கிரான் டூரிஸ்மோ' ஜப்பானில் 1997 டிசம்பர் 23 அன்று வெளிவந்தது. அதற்கு முன் வந்த பந்தயக் கேம்களில் பெரும்பாலானவை காசு போட்டு மூன்று நிமிஷம் ஓட்டும் விளையாட்டுக்கூட இயந்திரங்களின் வாரிசுகள். யமவுச்சியின் கேமில் மாஸ்டா டெமியோ போன்ற காய்கறி வாங்கப் போகும் கார்கள்கூட இருந்தன. லைசென்ஸ் தேர்வில் ஓட்டித் தேற வேண்டும். கையிலிருக்கும் சொற்பக் காசுக்கு ஒரு பழைய கார் வாங்க வேண்டும். பந்தயத்தில் கிடைக்கும் பரிசுப் பணத்தில் டயரை மாற்றி, சைலன்ஸரை மாற்றி, மெதுவாகத்தான் மேலே ஏற முடியும். ஒரு கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றன. அந்த முதல் கேமையே ஒரு சிறு குழு ஐந்து வருஷம் உட்கார்ந்து செய்திருந்தது. நிதானம் அந்த வீட்டில் பிறவிக் குணம்.

இப்படிப்பட்ட கேமைத் தீவிரமாக ஆடுகிறவர் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரோடு நிற்பதில்லை. மேஜை விளிம்பில் திருகிப் பொருத்தும் ஸ்டியரிங், காலடியில் பெடல், கொஞ்சம் வசதி இருந்தால் உண்மையான கார் இருக்கை என்று போய்விடுவார். ஸ்டியரிங்குக்குள் மோட்டார் இருக்கும். டயர் வழுக்கினால் அது கையில் தளரும், ஓரக்கல்லில் ஏறினால் அதிரும். லாஜிடெக் நிறுவனம் இந்தத் தொடரின் பெயரைப் பொறித்த ஸ்டியரிங் ஒன்றையே விற்றது. கன்சோல் ஒரு செலவு, ஸ்டியரிங் இன்னொரு செலவு, முன்பதிவு மூன்றாவது. கேம் வராத வரைக்கும் முதல் இரண்டும் முடங்கிய முதலீடு. சாலை போடுவதற்கு முன்பே வண்டி வாங்கி வாசலில் நிறுத்தியவரின் நிலைமை.

தாமதம் இவர்களுக்குப் புதிதும் அல்ல. நான்காவது கேம் 2003இல் வருவதாக இருந்து, 2004 டிசம்பர் கடைசியில்தான் ஜப்பானுக்கு வந்தது. மற்ற நாடுகளுக்கு 2005. வந்தபோது, வாக்குக் கொடுத்திருந்த இணையவழிப் பந்தயம் அதில் இல்லை. சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு ஒரு 'கிரான் டூரிஸ்மோ' வரும் என்று 2004இல் அந்தக் கருவியோடு சேர்த்தே அறிவித்தார்கள். அது 2009 அக்டோபர் 1 அன்று வந்தது. அதற்குள் அந்தக் கருவியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டது.

சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதே தொடரில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. இரண்டாவது கேமை 1999 கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் பிடித்துவிட வேண்டும் என்று அவசரமாக முடித்தார்கள், பிடித்தும்விட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் முதலில் வெளிவந்த பிரதிகளில் ஒரு பிழை இருந்தது. எல்லாப் பந்தயத்தையும் ஜெயித்து, எல்லா லைசென்ஸையும் வாங்கினாலும் கணக்கு 98.2 சதவீதத்தில் நின்றுவிடும். நூறு என்பது அந்த வட்டில் இல்லவே இல்லை. வட்டை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. (அதே கேமின் ஐரோப்பியப் பதிப்பில் ஒரு வட்டைச் சுரண்டினால் பந்தயத் தளத்தின் வாசனை வரும்படி செய்திருந்தார்கள். அதற்கு நேரம் இருந்திருக்கிறது.) நேரத்துக்கு வந்தாலும் முழுசாக வராது, முழுசாக வரவேண்டும் என்றால் நேரத்துக்கு வராது என்று இந்தத் தொடரின் ரசிகர் தன் அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தார். அவரைப் பொறுமையற்றவர் என்று சொல்வது நியாயமில்லை.

ஐந்தாவது கேமின் கதை கொஞ்சம் சிக்கலானது. 2006இல் 'கிரான் டூரிஸ்மோ எச்டி' என்ற பெயரில் ஒன்று வருவதாக இருந்தது. காரையும் ஓடுதளத்தையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும்படி அதை விற்கத் திட்டம் இருந்ததாகப் பேச்சு எழுந்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, ஆல்ப்ஸ் மலையில் ஐகர் சிகரத்தடி ஓடுதளம் ஒன்றோடு, சில கார்களோடு, டிசம்பரில் இலவசமாகக் கொடுத்தார்கள். 2007 டிசம்பரில் 'கிரான் டூரிஸ்மோ 5 புரோலாக்' வந்தது. முழுக் கேம் அல்ல, முன்னுரை. ஆறு இடங்கள், முழுக் கேமில் வரவிருந்தவற்றில் ஒரு சிறு பங்கு கார்கள். அமெரிக்காவில் விலை 40 டாலர். சாப்பாடு வரும் முன்னால் ஊறுகாய்க்குத் தனி பில். ஆனாலும் அது 50 லட்சத்துக்கு மேல் விற்றது.

இந்த எண்ணிக்கையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஐந்தாவது கேமுக்கு ஆன செலவு சுமார் 60 மில்லியன் டாலர் என்று யமவுச்சி சொன்னார். 50 லட்சம் பிரதிகளை 40 டாலரால் பெருக்கினால் 200 மில்லியன். கடைக்காரர் பங்கு, வட்டு, பெட்டி, விளம்பரம், மலிவு விலை விற்பனை எல்லாவற்றையும் கழித்தாலும், முன்னுரை விற்ற காசே முழுப் புத்தகம் எழுதும் செலவில் பெரும்பகுதியைத் தாங்கியிருக்கும். அப்படியானால் அவசரப்பட வேண்டிய கட்டாயம் யாருக்கு இருந்தது? ரசிகருக்கு மட்டும்தான். இது என் ஊகம். ஆனால் 2009இல் யமவுச்சி, நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வெளியிடலாம் என்ற பொருளில் பேசியதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நிதானத்தின் ஊற்று புரிகிறது.

அந்த வருஷம் செப்டம்பரில் டோக்கியோ கேம் கண்காட்சியில் முதன்முறையாகத் தேதி மாதிரி ஒன்று கிடைத்தது: 2010 மார்ச், ஜப்பானுக்கு. மார்ச் என்பது ஜப்பானிய நிறுவனங்களின் நிதியாண்டு முடியும் மாதம். கேமின் வெளியீட்டு நாளைக் கேம் செய்கிறவர் மட்டும் குறிப்பதில்லை, கணக்குப்பிள்ளையும் சேர்ந்துதான் குறிக்கிறார். ஜனவரியில் அந்தத் தேதி ரத்தாயிற்று. தயாரிப்பில் சிக்கல் என்று ஒரு வரிக் காரணம். மே மாதம் யமவுச்சி ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் லெக்ஸஸ் ஒன்றை உண்மையாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். தன் கேமில் இருக்கும் ஓடுதளத்தைக் கையாலும் காலாலும் தெரிந்துகொள்ளும் ஆசை அதில் இருந்திருக்கும். வீட்டில் கேம் வராமல் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில், அதே லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில், மாதமும் நாளும் சேர்த்துத் தேதி சொன்னார்கள். நவம்பர் 2.

தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்ததா? இருந்தது. அது எளிய கணக்கு, பேனாவும் காகிதமும் போதும். முதல் கேமில் ஒரு காரை உருவாக்கி முடிக்க ஒருவருக்கு ஒரு நாள் ஆயிற்று என்றும், நான்காவதில் ஒரு மாதம் என்றும், ஐந்தாவதில் ஆறு மாதம் என்றும் யமவுச்சி சொல்லியிருக்கிறார். ஐந்தாவது கேமில் கார்கள் ஆயிரத்துக்கு மேல். ஆயிரம் காரையும் ஆறு மாதத் தரத்தில் செய்தால் 500 ஆள்-வருஷ வேலை. இதற்கென்றே 50 பேரை உட்கார வைத்தாலும் பத்து வருஷம். யமவுச்சியின் நிறுவனம் மொத்தமுமே நூற்றுச் சொச்சம் பேர்தான். ஓடுதளம் யார் செய்வது, எஞ்சின் சத்தத்தை யார் பதிவு செய்வது?

வேறு சுமைகளும் இருந்தன. திரை ஒரு வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதில் யமவுச்சி கறாராக இருந்தார். கார் நகரும் உணர்வு அதில்தான் இருக்கிறது. அப்படியானால் ஒரு படத்தை வரைந்து முடிக்க இயந்திரத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. அதற்குள் 16 கார்களின் டயர், சஸ்பென்ஷன், காற்றுத் தடை எல்லாவற்றையும் கணக்கிட்டு, நிழலும் பிரதிபலிப்பும் போட்டாக வேண்டும். இதில் மழையைச் சேர்த்தால் மழை தன் பங்கு நேரத்தை வேறு ஒன்றிடமிருந்து பிடுங்கும். இரவு, தூசி, பனி, கார் நசுங்குவது என்று ஒவ்வொன்றும் அப்படித்தான். ஒண்டுக்குடித்தன வீட்டில் புதிதாக ஒருவர் வந்தால் எல்லோரும் படுக்கையை மாற்றிப் போடுவது மாதிரி, கடைசியில் சேர்க்கும் ஒவ்வொரு வசதியும் ஏற்கெனவே முடிந்த வேலைகளைத் திரும்பத் திறக்க வைக்கும். ஐந்தாவது கேமில் கார்ட் வண்டியும் நாஸ்கார் பந்தயமும் ராலியும் நாமே ஓடுதளம் வரைந்துகொள்ளும் வசதியும் உண்டு. எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் கட்டிய வீடு.

ஆக, காரணம் இருந்தது. அதைச் சொல்லவில்லை. இங்கேதான் நாம் கேமை விட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டியிருக்கிறது.

ஹார்வர்டில் பாடம் நடத்திய டேவிட் மைஸ்டர் 1985இல் வரிசையில் நிற்பதன் மனோதத்துவத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வங்கி, உணவகம், விமான நிலையம் போன்ற இடங்களை வைத்து எழுதியது. காரணம் தெரியாத காத்திருப்பு நீளமாகத் தோன்றும், முடிவு தெரியாத காத்திருப்பு இன்னும் நீளமாகத் தோன்றும், வேறு ஒருவருக்கு முன்னுரிமை கொடுக்கப்படுகிறது என்ற நினைப்பு வந்தால் ஒவ்வொரு நிமிஷமும் கனக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அதில் ஓரிடத்தில், மருத்துவரைப் பார்க்க முன்கூட்டியே போய் உட்கார்ந்திருப்பவரைக் கவனிக்கச் சொல்கிறார். பத்து மணிக்கு நேரம் குறித்திருந்தால், ஒன்பதரைக்கே போனவர் அந்த அரை மணியும் அமைதியாக இருப்பார். மணி பத்தைத் தாண்டியதும் மாறிவிடுவார். அடுத்த ஐந்து நிமிஷம் அவருக்கு முன் அரை மணியைவிடப் பெரிது.

22 நாளுக்கான விளக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். 2005 முதல் 2010 ஜூன் வரை ரசிகர் காத்திருந்தது ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தவரின் காத்திருப்பு. அதில் அலுப்பு உண்டு, கேலி உண்டு, ஒருவித இன்பமும் உண்டு. வருகிற ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, கண்ணாடியில் தெரிவது எந்த ஓடுதளம் என்று ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். ஜூனில் தேதி சொன்னதும் கடிகாரம் மாட்டப்பட்டுவிட்டது. அந்தத் தேதியை நம்பிப் பணமும் கட்டினார்கள். அதுவரை ரசிகர், இப்போது கடன் கொடுத்தவர். அக்டோபர் அறிவிப்பு கடனாளியின் தவணைக் கடிதமாக வந்தது, அதிலும் தவணை நாள் குறிப்பிடாமல். நவம்பர் 24 என்ற தேதி தெரிய அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று.

மைஸ்டர் சொல்லும் காரணம் தெரிந்த காத்திருப்புக்கும் பந்தயக் கேம் உலகத்திலேயே உதாரணம் உண்டு, அதுவும் அடுத்த வருஷமே. பிரிட்டனின் எவல்யூஷன் ஸ்டூடியோஸ் செய்த 'மோட்டார்ஸ்டார்ம்: அபோகலிப்ஸ்' நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்துகொண்டிருக்கும் நகரத்துக்குள் ஓட்டும் கேம். 2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்திலும், மார்ச் 11 அன்று ஜப்பானிலும் நிலநடுக்கம். நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் வெளியீட்டை நிறுத்திவைத்தார்கள். ஜப்பானில் கேம் வெளிவரவே இல்லை. ஏன் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரசிகர் கோபம் எப்போதும் நியாயமானது என்று வாதாட நான் வரவில்லை. 2016இல் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளிக் கேம் சில வாரம் தள்ளிப்போனபோது அதைச் செய்தவருக்கும், செய்தியை வெளியிட்ட பத்திரிகையாளருக்கும் கொலை மிரட்டல் வந்தது. அதைக் கோபம் என்ற சொல்லுக்குள் அடக்கக் கூடாது. தேதியை நம்பிக் காசு கட்டியவர் கேள்வி கேட்பதையும் மிரட்டல் விடுவதையும் ஒரே தட்டில் வைப்பது நிறுவனங்களுக்குத்தான் சௌகரியம்.

போட்டியாளர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் எரிச்சலைக் கூட்டியது. மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' 2005, 2007, 2009 என்று பால்காரர் மாதிரி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்தது. அந்தத் தொடரின் பின்னால் வேறொரு வேலை முறை இருந்தது. கார் வரையும் வேலையை வெளியே பிரித்துக் கொடுத்தார்கள். காலப்போக்கில் வியட்நாமின் ஹோசிமின் நகரத்திலும், நம் பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் நிறுவனத்திலும் அந்தக் கார்கள் உருவாயின. யமவுச்சியின் பாலிஃபோனி டிஜிட்டல் பெரும்பாலும் தன் கூரைக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டது. இதை ஜப்பானியக் கைவினைப் பிடிவாதம் என்று சிலாகிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தேன். ஐந்தாவது கேமின் வட்டு கையில் கிடைத்தபோது அந்த நினைப்பில் கொஞ்சம் உடைசல்.

அதில் சுமார் 200 கார்கள் 'பிரீமியம்', சுமார் 800 'ஸ்டாண்டர்ட்' என்று இரண்டு ஜாதியாக இருந்தன. பிரீமியம் காருக்குள் உட்கார்ந்து பார்த்தால் டேஷ்போர்டின் தோல் தையலில் நூல் தெரியும். வேகமானி முள் நடுங்கும். வெளியே வந்து கதவைப் பார்த்தால் கதவுக்கும் உடலுக்கும் நடுவில் உண்மையான இடுக்கு இருக்கும், அதற்குள் இருட்டு இருக்கும். ஸ்டாண்டர்ட் காரில் அதே கதவு ஒரு கோடு. காரின்மேல் ஒட்டிய படத்தில் வரைந்த கோடு. கண்ணாடி கறுப்பாக அடைத்திருக்கும், உள்ளே போக முடியாது. முகப்பு விளக்கின் வளைவு கிட்டத்தில் பலகோணமாகிவிடும். நான் முதலில் கவனித்தது நிழலை. மாலை வெயிலில் காரின் நிழல் ஓரம் ரம்பப் பல் மாதிரி வெட்டு வெட்டாக இருந்தது. இவை நான்காவது கேமிலிருந்தும் பிஎஸ்பி கேமிலிருந்தும் அப்படியே கொண்டுவரப்பட்ட கார்கள். முந்தைய கன்சோலுக்காகச் செய்தவை. ஆறு மாதத்தில் செய்த காரும் ஒரு மாதத்தில் செய்த காரும் ஒரே பந்தயக் கோட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

மேலே போட்ட கணக்கு இங்கே வந்து முட்டுகிறது. 200 காருக்கு 100 ஆள்-வருஷம், அதுவரை முடிந்தது. மீதி 800 காருக்கு 400 ஆள்-வருஷம் வேண்டும், அது முடிகிற காரியமே இல்லை. 22 நாள் அல்ல, இரண்டு வருஷம் தள்ளிப்போட்டிருந்தாலும் முடிந்திருக்காது. அப்படியானால் பெட்டியில் ஆயிரம் என்று போட்டுக்கொள்ளாமல் 200 என்று போட்டு ஒரு வருஷம் முன்னால் கொடுத்திருக்கலாமே என்று ரசிகர் கேட்டால் என்ன பதில்? ஆயிரம் என்ற எண் விளம்பரத்துக்கு வேண்டியிருந்தது. தேதியைப் போலவே எண்ணும் விற்பனைப் பொருள்தான். அத்தனை காத்திருந்தவர்களை எரிச்சலூட்டியது தாமதத்தின் நீளத்தைவிட, தாமதத்தை எதற்குச் செலவழித்தார்கள் என்பதே. வெளிவந்த முதல் நாட்களில் இணையச் சேவையும் கூட்டம் தாங்காமல் திணறியது. பெரிய திருத்தங்களோடு 'ஸ்பெக் 2.0' வந்தது 2011 அக்டோபரில்தான். அதாவது நவம்பர் 24 என்பதும் உண்மையான வெளியீட்டு நாள் இல்லை.

இதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பாதி வெந்த முன்னுரையிலிருந்து உண்மையான மனிதர் ஒருவர் எழுந்து வந்தார். 2008இல் நிசான் நிறுவனமும் சோனியும் நடத்திய 'ஜிடி அகாடமி' போட்டி புரோலாக்கை வைத்துத்தான் நடந்தது. ஜெயித்த ஸ்பெயின்காரர் லூகாஸ் ஓர்தோன்யெஸ் 2011இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாவதாக வந்த அணியில் ஓட்டினார். கேம் முடிவதற்குள் அதை ஆடியவர் பந்தய ஓட்டுநராகிவிட்டார். ஐந்தாவது கேம் மொத்தத்தில் ஒரு கோடிக்கு மேல் விற்றது. திட்டியவர்களும் வாங்கினார்கள்.

திட்டுக்கும் விற்பனைக்கும் தொடர்பில்லை என்று தெரிந்த பிறகு நிறுவனங்கள் எதைக் கற்றுக்கொண்டன? தள்ளிப்போடுவதை நிறுத்தவில்லை, இடத்தை மாற்றினார்கள். 'மோட்டார்ஸ்டார்ம்' செய்த அதே எவல்யூஷன் ஸ்டூடியோஸின் 'டிரைவ்கிளப்' 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 கன்சோலோடு வருவதாக இருந்தது. சோனியின் இணையச் சேவைச் சந்தாதாரர்களுக்கு ஒரு பதிப்பு இலவசம் என்றும் சொல்லியிருந்தார்கள். கேம் 2014 அக்டோபரில் வந்தது. நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து ஓட்டுவதுதான் கேமின் உயிர், பெயரிலேயே கிளப் இருக்கிறது. சர்வரோ கூட்டத்தைத் தாங்கவில்லை. அதனால் இலவசப் பதிப்பை நிறுத்திவைத்தார்கள். அது 2015 ஜூனில்தான் வந்தது. அதற்குள் டிசம்பரில் மழையைச் சேர்த்திருந்தார்கள். கண்ணாடியில் விழும் துளி காரின் வேகத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்ப வழிந்து ஓடும் அந்த மழையைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். இவ்வளவு திறமைசாலிகளிடம் ஏன் இவ்வளவு குளறுபடி என்ற ஆற்றாமையும் அந்தப் பேச்சில் இருக்கும். 2016 மார்ச்சில் சோனி அந்த ஸ்டூடியோவை மூடியது.

யமவுச்சியின் பிந்தைய கேம்களும் இந்த வழியில்தான் வந்தன. 'கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்' 2016 நவம்பரிலிருந்து 2017 அக்டோபருக்குப் போனது. ஏழாவது கேம், பெருந்தொற்றைக் காரணம் காட்டி, 2021இலிருந்து 2022 மார்ச் 4க்கு. காரணம் வெளிப்படையாக இருந்ததால் அதற்கு எழுந்த முணுமுணுப்பு குறைவு. வெளிவந்து இரண்டு வாரம் கழித்துதான் வெடித்தது. ஒரு அப்டேட் தவறிப்போக, 30 மணி நேரத்துக்கு மேல் சர்வர் நின்றுபோனது. தனியாக உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கும் இணையத் தொடர்பு கட்டாயம் என்று செய்திருந்ததால், கேமின் பெரும்பகுதி யாருக்கும் திறக்கவில்லை. திறந்தபோது பல பந்தயங்களின் பரிசுத் தொகை குறைந்திருந்தது. கேமில் அப்போது ஒரு மெக்லாரன் எஃப்1 காரின் விலை 1 கோடியே 85 லட்சம் கிரெடிட். ஓட்டிச் சேர்க்கப் பொறுமை இல்லாதவர் நிஜப் பணத்தில் வாங்கலாம், 20 லட்சம் கிரெடிட்டுக்கு 20 டாலர். அந்த ஒரு காருக்குக் கிட்டத்தட்ட 200 டாலர். கேமின் விலையே 70தான். 2006இல் கைவிட்ட யோசனை பதினாறு வருஷம் கழித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ரசிகர்களின் மதிப்பெண் அதலபாதாளத்துக்குப் போனதும் யமவுச்சி மன்னிப்புக் கேட்டார், ஆளுக்குப் பத்து லட்சம் கிரெடிட் கொடுத்தார்கள், பரிசுத் தொகையையும் உயர்த்தினார்கள்.

2010இல் கோபப்பட்டவர் குறைந்தபட்சம் ஒரு நாளைப் பார்த்துக் கோபப்பட்டார். நவம்பர் 2 என்று ஒன்று இருந்தது, அது தவறியது, அதற்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது பணம் முன்பே போய்விடுகிறது, கேம் சொன்ன தேதிக்கு வந்தும்விடுகிறது, காத்திருப்பு அதற்குப் பிறகு தொடங்குகிறது. மழை அடுத்த அப்டேட்டில், பரிசு அதற்கடுத்ததில், சர்வர் சரியாகும்போது. மைஸ்டரின் மருத்துவமனையில் நோயாளியைப் பத்து மணிக்குச் சரியாக உள்ளே கூப்பிட்டு, மருத்துவர் இல்லாத அறையில் உட்கார வைப்பது மாதிரி.

ஐந்தாவது கேமின் இணையச் சேவை 2014 மே 31 அன்று நிறுத்தப்பட்டது. 66 மாதம் காத்திருந்து வாங்கியதன் இணையப் பந்தயம் 42 மாதம் நடந்தது. அந்த வட்டு இன்றும் ஓடும். பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்று வீட்டில் இருந்தால் போட்டுப் பார்க்கலாம். மேஜையில் ஸ்டியரிங் திருகிய இடத்தில் பள்ளம் இருக்கும். 200 நல்ல கார்களும் 800 பழைய கார்களும் அப்படியே நிற்கின்றன, மாலை வெயிலில் நிழலின் ஓரம் இன்னும் ரம்பம் மாதிரிதான் விழுகிறது.